அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு அடிமை முறை எப்படிக் காரணமானது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் படிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. போர்க்களங்களைப் பற்றி இங்கே அதிகம் இருக்காது. நாட்டை அந்தப் போருக்கு இழுத்துவந்த எழுபது ஆண்டு அரசியல்தான் விஷயம்.

போருக்குக் காரணம் அடிமை முறைதானா? வேறு காரணங்களும் சொல்கிறார்களே?

அடிமை முறைதான். இதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. 1860–61-ல் நாட்டைவிட்டுப் பிரிந்துபோன தென் மாநிலங்களே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கின்றன. மிசிசிப்பி 1861 ஜனவரியில் வெளியிட்ட பிரகடனம், தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்கிறது. அவை சேர்ந்து அமைத்த தென் மாநிலக் கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், அதே ஆண்டு மார்ச் 21 அன்று சவானா நகரில் பேசும்போது, கறுப்பின மனிதர் வெள்ளையருக்குச் சமமானவர் அல்ல என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்று பெருமையோடு அறிவித்தார்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'அடிமைகளை விடுவிக்க வடக்கு படையெடுத்தது' என்று சொன்னால் அது சரியில்லை. 1861-ல் வடக்கின் நோக்கம் நாடு உடையாமல் காப்பது மட்டுமே. அதுவரை அரசியல் சண்டை நடந்தது இரண்டு விஷயங்களில். புதிதாகச் சேரும் நிலங்களுக்கு அடிமை முறை பரவலாமா என்பது ஒன்று. தப்பி ஓடி வருகிறவர்களைப் பிடித்துக் கொடுக்கும் வேலை யாருடையது என்பது இன்னொன்று. பாடப்புத்தகங்கள் முதலாவதை விரிவாகச் சொல்கின்றன. இரண்டாவதை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. அது பெரிய குறை என்பது என் கருத்து.

'எல்லா மனிதரும் சமம்' என்று சொல்லிப் பிறந்த நாடு, அடிமை முறையைத் தொடக்கத்திலேயே ஏன் ஒழிக்கவில்லை?

1787-ல் பிலடெல்பியாவில் அரசியலமைப்புச் சட்டம் எழுதியவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். தெற்கு இல்லாமல் ஒன்றியம் அமையாது என்று பயந்து மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். விளைவு மூன்று ஏற்பாடுகள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதை 1808 வரை தடைசெய்யக் கூடாது. ஒரு மாநிலத்திலிருந்து தப்பியவரை இன்னொரு மாநிலம் திருப்பித் தர வேண்டும். பிரதிநிதிகள் சபைக்கு இடங்களைப் பிரிக்கும்போது அடிமைகளின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது ஏற்பாட்டின் அநியாயத்தைப் பாருங்கள். ஓட்டு இல்லாத, தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாத மக்களின் தலையை எண்ணி, அவர்களை விலைக்கு வாங்கியவர்களுக்குக் கூடுதல் இடங்கள் கொடுக்கப்பட்டன. அதிபர் தேர்தலிலும் அந்தக் கூடுதல் பலம் சேர்ந்துகொண்டது.

போர் இல்லாமல் அது தானாகவே மறைந்திருக்காதா?

வடக்கில் ஓரளவு அப்படி நடந்தது. பென்சில்வேனியா 1780-லேயே படிப்படியாக ஒழிக்கும் சட்டம் போட்டது. நியூயார்க்கில் 1827-ல் முடிவுக்கு வந்தது. தெற்கிலும் மெல்ல மறையும் என்று பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுத்தது பருத்தி. 1793-ல் எலி விட்னி உருவாக்கிய இயந்திரம், பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் வேலையைப் பல மடங்கு வேகமாக்கியது. இங்கிலாந்தின் ஆலைகள் எவ்வளவு பருத்தி வந்தாலும் வாங்கத் தயாராக இருந்தன. ஜார்ஜியாவிலிருந்து டெக்சஸ் வரை பருத்தித் தோட்டங்கள் பரவின.

1790-ல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860-ல் 39.5 லட்சமானது. வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் தெற்கே விற்கப்பட்டார்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். போருக்கு முன் நாட்டின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பருத்திதான். அடிமைகளின் சந்தை மதிப்பு, நாட்டின் ரயில் பாதைகளும் தொழிற்சாலைகளும் சேர்ந்த மதிப்பைவிட அதிகம். அப்படிப்பட்ட சொத்தை யார் தானாக விட்டுக் கொடுப்பார்கள்?

மிசூரி சமரசம் என்பது என்ன?

நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு உறுப்பினர்கள். 1819-ல் அடிமை மாநிலங்கள் 11, அடிமை முறை இல்லாத மாநிலங்கள் 11. அந்த நேரத்தில் மிசூரி அடிமை மாநிலமாகச் சேர விண்ணப்பித்தது. சமநிலை போய்விடும் என்று பெரிய ரகளை. 1820-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: மிசூரி அடிமை மாநிலமாகவும், மெய்ன் அடிமை முறை இல்லாத 'சுதந்திர மாநிலமாகவும்' சேரட்டும், பிரான்சிடமிருந்து வாங்கிய லூசியானா நிலத்தில் 36 பாகை 30 கலை அட்சரேகைக்கு வடக்கே, மிசூரியைத் தவிர, அடிமை முறை கூடாது.

வயதான தாமஸ் ஜெபர்சன் இந்தச் சண்டையைக் கேள்விப்பட்டபோது, நள்ளிரவில் ஒலிக்கும் தீ மணிபோல் அது தன்னைத் திடுக்கிட வைத்தது என்று எழுதினார். அவரும் நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்தவர்தான். அந்தக் கோடு 34 ஆண்டுகள் தாங்கியது.

அடிமை ஒழிப்பு இயக்கம் அரசியலில் எந்த அளவுக்கு எடுபட்டது?

ஓட்டுக் கணக்கில் பார்த்தால் சிறு கூட்டம். 1831-ல் வில்லியம் லாயிட் கேரிசன் பாஸ்டனில் பத்திரிகை தொடங்கினார். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் மேடையேறிப் பேசியபோது, அடிமைகள் திருப்தியாக இருக்கிறார்கள் என்ற பொய் கேட்டவர்கள் கண்முன்னே உடைந்தது. ஆனால் இயக்கத்துக்கு ஆள் சேர்த்ததில் எதிர்த்தரப்பின் அடக்குமுறைக்கும் பங்கு உண்டு. அடிமை முறைக்கு எதிரான மனுக்கள் குவிந்தபோது, அவற்றை விவாதிக்காமலே ஓரங்கட்டும் விதியைப் பிரதிநிதிகள் சபை 1836-ல் கொண்டுவந்தது. முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் சபையில் எட்டு ஆண்டுகள் விடாமல் போராடி, 1844-ல் அதை நீக்க வைத்தார். 1837-ல் இல்லினாயில் எலைஜா லவ்ஜாய் என்ற பத்திரிகை ஆசிரியரை, அவருடைய அச்சு இயந்திரத்தைக் காக்கப் போராடியபோது, ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. கறுப்பின மக்களைப் பற்றிக் கவலைப்படாத வெள்ளையர்களும்கூட, 'நம்முடைய மனு கொடுக்கும் உரிமைக்கும் பத்திரிகைச் சுதந்திரத்துக்குமே ஆபத்து' என்று அப்போது உணர்ந்தார்கள்.

மெக்சிகோவுடன் நடந்த போருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

1846–48 போரில் கலிபோர்னியா உட்படப் பெரிய நிலப்பரப்பு அமெரிக்கா வசம் வந்தது. 'இங்கே அடிமை முறை உண்டா?' என்ற கேள்வி உடனே எழுந்தது. கைப்பற்றும் நிலத்தில் அடிமை முறை கூடாது என்று டேவிட் வில்மட் 1846-ல் கொண்டுவந்த தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டில் நிறைவேறவில்லை. உறுப்பினர்கள் கட்சிப்படி ஓட்டுப் போடாமல் வடக்கு, தெற்கு என்று பிரிந்து நின்றதுதான் அதில் முக்கியம். 1850-ல் மறுபடி ஒரு சமரசம்: கலிபோர்னியா சுதந்திர மாநிலம்; தலைநகர் வாஷிங்டனில் அடிமை வியாபாரத்துக்குத் தடை; பதிலுக்குத் தெற்குக்குக் கடுமையான ஒரு சட்டம்.

அந்தச் சட்டம் என்ன? வடக்கை அது ஏன் அவ்வளவு கொதிக்க வைத்தது?

தப்பியோடிய அடிமைகள் சட்டம், 1850. பிடிபட்டவர் தன் தரப்பைச் சொல்ல அனுமதி இல்லை. ஜூரி இல்லை. ஓர் ஆணையர் முடிவு செய்வார். திருப்பி அனுப்பச் சொன்னால் அவருக்குப் 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். ஆவண வேலை அதிகம் என்று காரணம் சொன்னார்கள். சாதாரணக் குடிமக்களையும் பிடிக்க உதவும்படி அதிகாரிகள் கட்டளையிடலாம். தப்பியவருக்கு உதவினால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

பாஸ்டனில் 1854-ல் நடந்ததைப் பார்த்தால் இந்தச் சட்டம் என்ன செய்தது என்று புரியும். ஆன்டனி பர்ன்ஸ் என்ற இளைஞர் வர்ஜீனியாவிலிருந்து கப்பலில் ஒளிந்து தப்பி வந்து, அங்கே ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். சகோதரனுக்கு அவர் எழுதிய கடிதம், வர்ஜீனியாவில் அவரை அடிமையாக வைத்திருந்தவரின் கையில் சிக்கியது. மே 24 அன்று, நகைத் திருட்டு என்று பொய்க் காரணம் சொல்லி அவரைப் பிடித்தார்கள். இரண்டு நாள் கழித்து, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்த ஒரு கூட்டம் பெரிய மரக்கட்டையால் நீதிமன்றக் கதவை இடித்தது. ஒரு காவலர் இறந்தார். பர்ன்ஸை மீட்க முடியவில்லை.

ஜூன் 2 அன்று அவரைத் துறைமுகத்துக்கு நடத்திச் சென்றார்கள். ஒரே ஒரு மனிதரைக் கொண்டுபோகப் படை வீரர்களும் பீரங்கியும் வந்தன. தெருவின் இரு பக்கமும் சுமார் 50,000 பேர் நின்றார்கள். கடைகளில் கறுப்புத் துணி தொங்கியது. 'சுதந்திரம்' என்று எழுதிய ஒரு சவப்பெட்டியைத் தெருவுக்கு மேலே கட்டியிருந்தார்கள்.

பருத்தி ஆலைப் பணத்தில் வளர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த ஏமஸ் லாரன்ஸ் என்ற பாஸ்டன் செல்வந்தர், அந்த நாட்களைப் பற்றி எழுதியது பலருக்கும் பொருந்தும்: சமரசத்தை விரும்பும் பழைய மிதவாதிகளாகப் படுக்கப் போனோம், எழுந்தபோது வெறிபிடித்த அடிமை ஒழிப்பாளர்களாக இருந்தோம். அதுவரை எங்கோ தூரத்தில் நடந்துகொண்டிருந்த கொடுமை, அவர்களுடைய தெருவுக்கே வந்து அவர்களையும் பங்காளியாக்கியது.

பர்ன்ஸ் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். பாஸ்டனின் கறுப்பினத் திருச்சபை ஒன்றின் போதகர் முன்னின்று பணம் திரட்டினார். 1855-ல் 1,300 டாலர் கொடுத்து பர்ன்ஸை விடுவித்தார்கள். பிறகு அவர் ஓபர்லின் கல்லூரியில் படித்து, கனடாவில் போதகரானார்.

கான்சாஸில் என்ன நடந்தது?

பர்ன்ஸ் பாஸ்டன் காவலில் இருந்த அதே வாரம், மே 30 அன்று, கான்சாஸ்–நெப்ராஸ்கா சட்டத்தில் அதிபர் பியர்ஸ் கையெழுத்திட்டார். இல்லினாய் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்தது அது. மேற்கே ரயில் பாதை போட அந்த நிலத்தில் ஆட்சி அமைய வேண்டும். அதற்குத் தெற்கின் ஓட்டு வேண்டும். தெற்கு கேட்ட விலை, மிசூரி சமரசம் வகுத்த எல்லைக்கோட்டை அழிப்பது. அடிமை முறை வேண்டுமா என்று அங்கே குடியேறுகிறவர்களே முடிவு செய்யட்டும் என்றார் டக்ளஸ். கேட்க ஜனநாயகமாகத்தான் இருந்தது. அடிமையாகக் கொண்டுவரப்படுபவருக்கு அந்த முடிவில் ஓட்டு இல்லை என்பதை டக்ளஸ் பொருட்படுத்தவில்லை.

1855 மார்ச்சில் சட்டமன்றத் தேர்தல். கணக்கெடுப்பின்படி கான்சாஸில் வாக்காளர்கள் 2,905 பேர். பதிவான ஓட்டுகள் 6,307. மிசூரியிலிருந்து ஆயுதங்களோடு எல்லை தாண்டி வந்தவர்கள் ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். இப்படி அமைந்த சட்டமன்றம், அடிமை வைத்துக்கொள்ளும் உரிமையை மறுத்துப் பேசுவதையே குற்றமாக்கியது. எதிர்த்தவர்கள் தனியாக ஓர் அரசு அமைத்தார்கள். ஏமஸ் லாரன்ஸ் குடியேற்றத்துக்குப் பணம் கொடுத்து, அவர் பெயரே வைக்கப்பட்ட லாரன்ஸ் நகரம் 1856 மே 21 அன்று சூறையாடப்பட்டது. மூன்று நாள் கழித்து அடிமை ஒழிப்பாளர் ஜான் பிரவுனும் அவருடைய ஆட்களும், அடிமை முறையை ஆதரித்த ஐந்து பேரை இரவில் வீடுகளிலிருந்து இழுத்து வந்து வாளால் வெட்டிக் கொன்றார்கள்.

அதுவரை நாட்டின் இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றாக இருந்த விக் கட்சி இதில் சிதறிப்போனது. அடிமை முறை பரவக் கூடாது என்ற கொள்கையோடு 1854-ல் பிறந்த குடியரசுக் கட்சி, வடக்கில் அதன் இடத்தைப் பிடித்தது.

செனட்டுக்கு உள்ளேயே ஓர் உறுப்பினரை அடித்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1856 மே 22. மாசச்சூசெட்ஸ் செனட்டர் சார்ல்ஸ் சம்னர், கான்சாஸ் கொடுமையைக் கண்டித்துப் பேசியபோது தென் கரோலினா செனட்டர் ஆண்ட்ரூ பட்லரை வார்த்தைகளால் கடுமையாகத் தாக்கியிருந்தார். பட்லரின் உறவினரான பிரெஸ்டன் புரூக்ஸ் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். அவர் செனட் கூடத்துக்கு வந்து, மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்த சம்னரின் தலையில் கைத்தடியால் அடிக்கத் தொடங்கினார். மேசை தரையோடு திருகப்பட்டிருந்ததால் சம்னரால் உடனே எழ முடியவில்லை. எழுந்த வேகத்தில் மேசையே பெயர்ந்தது. தடி உடைந்த பிறகும் அடி நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். நீதிமன்றம் புரூக்ஸுக்கு 300 டாலர் அபராதம் மட்டும் போட்டது. அவர் பதவி விலகினார். தொகுதி மக்கள் அவரையே திரும்ப அனுப்பினார்கள். தெற்கிலிருந்து அவருக்குப் புதிய கைத்தடிகள் பரிசாக வந்தன. சம்னர் முழுமையாகப் பணிக்குத் திரும்ப மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆனது. மாசச்சூசெட்ஸ் வேறு ஆளை அனுப்பாமல் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தது. அந்த நாற்காலி காலியாகவே இருந்தது.

டிரெட் ஸ்காட் வழக்கு ஏன் முக்கியம்?

ராணுவ மருத்துவர் ஒருவர் டிரெட் ஸ்காட் என்ற அடிமையை, அடிமை முறை இல்லாத இல்லினாய்க்கும் விஸ்கான்சின் பிரதேசத்துக்கும் அழைத்துச் சென்று ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார். சுதந்திர மண்ணில் வாழ்ந்ததால் தாங்கள் சுதந்திர மனிதர்கள் என்று டிரெட்டும் மனைவி ஹேரியட்டும் 1846-ல் வழக்குப் போட்டார்கள். 1857 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது, வெள்ளையர் மதிக்க வேண்டிய எந்த உரிமையும் அவர்களுக்கு இருந்ததில்லை என்று தலைமை நீதிபதி ராஜர் டேனி எழுதினார். புதிய பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்றும் சொன்னார். அதாவது குடியரசுக் கட்சியின் மையக் கொள்கையே சட்டவிரோதம். பிரச்சினையை ஒரேயடியாக முடிக்க நினைத்த தீர்ப்பு, இனி நீதிமன்றத்தில் நியாயம் கிடைக்காது என்று வடக்கை நம்ப வைத்தது.

மாநில உரிமைகளுக்காகவே தெற்கு பிரிந்தது என்கிறார்களே?

போருக்குப் பிறகு பரப்பப்பட்ட வாதம் இது. 1850-களில் மாநில உரிமை பேசியது யார் என்று பாருங்கள். தப்பியோடிய அடிமைகள் சட்டம் செல்லாது என்று அறிவித்தது விஸ்கான்சின் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம். நாட்டின் உச்ச நீதிமன்றம் 1859-ல் அதை ரத்து செய்தது. வட மாநிலங்கள் தங்கள் எல்லைக்குள் ஆள் பிடிப்பதைத் தடுக்கச் சட்டம் போட்டன. மத்திய அரசு படையை அனுப்பிப் பிடிக்க வேண்டும் என்று வற்புறுத்தியது தெற்கு. தென் கரோலினாவின் பிரிவினைப் பிரகடனத்தைப் படியுங்கள். வட மாநிலங்கள் தப்பியவர்களைத் திருப்பித் தருவதில்லை, நியூயார்க் வழியாக அடிமைகளை அழைத்துச் செல்லக்கூட விடுவதில்லை என்பவை அதில் உள்ள குறைகள். வட மாநிலங்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்தியதுதான் குற்றமாகச் சொல்லப்படுகிறது.

சுங்க வரி காரணம் இல்லையா?

1832-ல் சுங்க வரியை எதிர்த்துத் தென் கரோலினா முரண்டு பிடித்தது உண்மை. அது அடுத்த ஆண்டே சமரசத்தில் முடிந்தது. 1857-ல் வரி நன்றாகவே குறைக்கப்பட்டிருந்தது. வரிக்காக ஏழு மாநிலங்கள் நாட்டை உடைத்தன என்பதை ஏற்க முடியவில்லை.

அடிமைகளே இல்லாத ஏழை வெள்ளையர்கள் ஏன் தெற்குக்காகச் சண்டை போட்டார்கள்?

அடிமை மாநிலங்களில் சுமார் நான்கில் ஒரு வெள்ளைக் குடும்பத்திடம்தான் அடிமைகள் இருந்தார்கள். தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் ஏறக்குறைய பாதி. இந்த இரண்டிலும் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அடிமைகள். நாளைக்கு நாமும் ஓர் அடிமையை வாங்குவோம் என்ற ஆசை, எவ்வளவு ஏழையானாலும் கறுப்பினத்தவருக்கு மேலே இருக்கிறோம் என்ற அந்தஸ்து, விடுதலை கிடைத்தால் பழிவாங்குவார்கள் என்ற பயம், எல்லாம் கலந்திருந்தது. தலைவர்கள் அந்தப் பயத்தை நன்றாகவே ஊதினார்கள். எல்லோரும் மயங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிழக்கு டென்னசி மலைப்பகுதி மக்கள் ஒன்றியத்தின் பக்கம் நின்றார்கள். வர்ஜீனியாவின் மேற்குப் பகுதி பிரிந்து 1863-ல் தனி மாநிலமே ஆனது.

1860 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் லிங்கன் வென்றதும் தென் மாநிலங்கள் ஏன் பிரிந்தன? அவர் இன்னும் பதவியே ஏற்கவில்லையே?

ஏற்கெனவே இருக்கும் மாநிலங்களில் அடிமை முறையைத் தொட மாட்டேன், பரவ விட மாட்டேன் என்பதுதான் லிங்கன் சொன்னது. ஆனால் தெற்கு கணக்குப் போட்டுப் பார்த்தது. 1859 அக்டோபரில் ஜான் பிரவுன் ஹார்ப்பர்ஸ் பெரி ஆயுதக் கிடங்கைத் தாக்கி, டிசம்பரில் தூக்கிலிடப்பட்டிருந்தார். வடக்கில் பலர் அவரைத் தியாகியாகக் கொண்டாடியது தெற்கைக் கலங்கடித்திருந்தது. 1860-ல் சுதந்திர மாநிலங்கள் 18, அடிமை மாநிலங்கள் 15. ஜனநாயகக் கட்சி வடக்கு, தெற்கு என்று பிளந்து இரண்டு வேட்பாளர்களை நிறுத்தியது. கட்சிகளே ஓட்டுச்சீட்டு அச்சடித்துக் கொடுத்த காலம் அது. தெற்கின் பெரும்பாலான இடங்களில் லிங்கன் பெயரில் சீட்டே இல்லை. அப்படியும் 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான ஓட்டுகளோடு, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் 303 தேர்வாளர்களில் 180 பேரைப் பெற்று அவர் ஜெயித்தார்.

தெற்கின் ஒரு ஓட்டுகூட இல்லாமல் அதிபராக முடியும் என்பது அன்று தெளிவானது. டிசம்பர் 20 அன்று தென் கரோலினா வெளியேறியது. 1861 பிப்ரவரி தொடக்கத்துக்குள் மிசிசிப்பி, புளோரிடா, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, டெக்சஸ் ஆகியவையும் போய்விட்டன.

கடைசி நேரத்தில் யாரும் சமரசத்துக்கு முயலவில்லையா?

முயன்றார்கள். கென்டகி செனட்டர் கிரிட்டன்டன், பழைய மிசூரி எல்லைக்கோட்டைப் பசிபிக் கடல் வரை நீட்டலாம் என்றார். பரவலுக்கு இடம் தர லிங்கன் மறுத்தார். மாநிலங்களுக்குள் அடிமை முறையில் மத்திய அரசு தலையிடவே முடியாதபடி செய்யும் ஒரு அரசியலமைப்புத் திருத்தத்தை நாடாளுமன்றம் 1861 மார்ச்சில் நிறைவேற்றியும் விட்டது. போன ஏழு மாநிலங்களும் திரும்பவில்லை. இருப்பதைக் காப்பாற்றுவது மட்டும் அவர்களுக்குப் போதவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஏப்ரல் 12 அன்று சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் சம்டர் கோட்டைமீது தெற்கு குண்டு வீசியது. லிங்கன் 75,000 வீரர்களைத் திரட்ட அழைப்பு விடுத்தார். வர்ஜீனியா, ஆர்கன்சா, வட கரோலினா, டென்னசி ஆகிய நான்கும் பிரிந்தன. மிசூரி, கென்டகி, மேரிலாந்து, டெலவேர் ஆகிய நான்கு அடிமை மாநிலங்கள் ஒன்றியத்திலேயே இருந்தன.

ஒன்றியத்தைக் காக்கத் தொடங்கிய போர் எப்போது விடுதலைப் போராக மாறியது?

லிங்கனின் 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனத்தைச் சொல்வார்கள். மாற்றம் அதற்கு முன்பே, போர் தொடங்கி ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட்டது. தொடங்கியவர்கள் அடிமைகளேதான். 1861 மே 23 இரவு பிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மெலரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் ஆகிய மூவர், வர்ஜீனியாவில் ஒன்றியப் படை வசமிருந்த மன்ரோ கோட்டைக்குப் படகில் தப்பி வந்தார்கள். கூட்டமைப்பின் பீரங்கி மேடைகளைக் கட்டும் வேலையில் அவர்களை ஈடுபடுத்தியிருந்தார்கள். மறுநாள் வர்ஜீனியா தரப்பு அதிகாரி ஒருவர் வந்து, தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி அவர்களைத் திருப்பிக் கேட்டார். நீங்கள் இப்போது வேறு நாடு என்று சொல்லிக்கொள்கிறீர்கள், வேறு நாட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று ஜெனரல் பெஞ்சமின் பட்லர் மறுத்துவிட்டார். எதிரியின் போர்ச் சொத்தாகக் கருதி மூவரையும் வைத்துக்கொண்டார்.

செய்தி பரவியதும் கோட்டைக்கு ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் நூற்றுக்கணக்கில் வரத் தொடங்கினார்கள். மற்ற முகாம்களிலும் இதே கதை. கூட்டமைப்பு ராணுவ வேலைக்குப் பயன்படுத்தும் அடிமைகளைப் பறிமுதல் செய்யலாம் என்று ஆகஸ்ட் மாதமே நாடாளுமன்றம் சட்டம் போட்டது. பின்னர் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் ஒன்றியப் படையில் சேர்ந்தார்கள். தப்பியோடிய அடிமைகள் சட்டம் 1864 ஜூனில் ரத்தானது. அடிமை முறையை நாடு முழுவதும் ஒழித்த 13-வது திருத்தம் 1865 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.